நாலு வீட்டுக்கு ஒரு பானை

1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை ஆமி பிடித்தபோது அக்கராயன் பக்கமாக ஓடி, கடைசியில் மல்லாவியில் ஒரு வளவுக்குள் கொட்டில் போட்டோம். பக்கத்துக் கொட்டில்கள் இரண்டிலும் 95இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலி கடந்து வந்தவர்கள். வளவுக்காரி ஆச்சியின் மண்வீட்டையும் சேர்த்தால் நாலு அடுப்பு.

தை பிறக்கப்போகிறது என்றால் அம்மாவுக்கு முகம் வாடிவிடும். பொருளாதாரத் தடையால் சீனியும் சவர்க்காரமும் யானை விலை. இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, திரி கொளுத்தித்தான் படிப்பு. அந்த வெளிச்சத்தில் அம்மா தன் பழைய சீலையை வெட்டி எங்களுக்குச் சட்டை தைப்பா. நிவாரண அரிசியில் பொங்குவதா, சர்க்கரைக்கு எங்கே போவது, பிள்ளையள் அடுத்த வீட்டைப் பார்த்து ஏங்குமே என்று அப்பாவோடு குசுகுசுப்பா. இல்லாத காலத்தில் மனக்கவலையும் இல்லை என்று இப்போது சிலர் கதை சொல்கிறார்கள். அதை நான் நம்பமாட்டேன்.

1998 பொங்கலுக்கு முதல் நாள் ஆச்சி எங்கள் கொட்டிலுக்கு வந்தா.

“பிள்ளை, உன்னட்டைப் பானை கிடக்கோ?”

“பானை கிடக்கு ஆச்சி. உள்ளுக்குப் போட ஒண்டும் இல்லை.”

“என்னட்டைப் புது அரிசி கிடக்கு, பயறும் கொஞ்சம் கிடக்கு. மற்றதுகளையும் கேப்பம்.”

கேட்டோம். ஒரு மாமி பனங்கட்டிக் குட்டான் இரண்டு எடுத்துவந்தா. மற்றக் கொட்டிலில் தேங்காயும், கடதாசியில் சுற்றி ஒளித்துவைத்த முந்திரியவத்தல் கொஞ்சமும் கிடைத்தன. அம்மா முதலில் தயங்கினா. பொங்கல் அவரவர் முற்றத்தில் நடக்கவேண்டிய காரியம் என்பது அவவின் எண்ணம். அதற்குள் இன்னொரு காரணமும் இருந்தது. பெரியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரில் இருந்திருந்தால் அந்த நாலு வீடும் ஒரு பானையில் கைநனைத்திருக்காது. எந்த ஊர், எந்தக் குறிச்சி, யார் மக்கள் என்று விசாரித்திருப்பார்கள். ஆச்சிதான் ஒரே வார்த்தையில் வெட்டினா: “பங்கருக்குள்ளை ஒண்டாத்தானே இருக்கிறியள்?”

விடிய முதல் முற்றத்துக்குச் சாணி தெளித்து மாக்கோலம் போட்டாயிற்று. பச்சை விறகு. புகை கண்ணைக் கரித்தது. பானை எந்தப் பக்கம் முதலில் வழியும் என்று பெடியள் சண்டை. கிழக்கே ஏ9 பக்கம் செல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வவுனியாவிலிருந்து அந்தப் பாதையைப் பிடிக்க முந்தின மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு சண்டை அப்போதும் ஓயவில்லை. பால் பொங்கியபோது வெடி கொளுத்த ஒன்றுமில்லை. நாங்கள் தகரத்தில் தட்டினோம்.

வாழையிலையில் ஆளுக்கு ஒரு அகப்பை. யார் வீட்டு அரிசி, யார் வீட்டு இனிப்பு என்று பிரிக்க வழியில்லாததால் யாருக்கும் குறைவும் தெரியவில்லை. அம்மா அன்று சிரித்ததை நான் பார்த்தேன். யுத்தம் அவவை விட்டுப் போகவில்லை. ஒரு பொங்கலைத் தனியே தூக்கிச் சுமக்கவேண்டிய பாரம்தான் போயிருந்தது.

2002இல் ஏ9 திறந்தது. சர்க்கரை மூட்டை மூட்டையாய் வந்தது, நாலு வீடும் நாலு பக்கம் போனது. 2009க்குப் பிறகு அவர்களில் யார் எங்கே என்று முழுதாய் விசாரிக்கவே மனம் வரவில்லை.

இன்று தைப்பொங்கலுக்கு முதல் நாள் கிளிநொச்சிச் சந்தையடியில் கால்வைக்க இடமில்லை. பிள்ளைகளுக்கு உடுப்பு, வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் சொந்தங்களுக்கு விருந்து, அதற்கொரு கடன் என்று பெண்கள் கணக்குப் பார்த்துக் களைக்கிறார்கள். அந்தத் தடைக்காலம் திரும்பவேண்டாம். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் அதில் வாழாதவர்கள். ஆனால் இந்த முறை பொங்கலுக்குச் சாமான் வாங்கப் புறப்படுமுன், வேலிக்கு அங்காலே இருப்பவரிடம் ஒருக்கால் கேட்டுப்பாருங்கள்: சேர்ந்து பொங்குவமோ?