மாத்திரைக்கு விழுந்த தடை

சின்னசேலத்தில் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இல்லையென்றால் பழி பெண்ணுக்குத்தான். சேலத்துக்கு பஸ் ஏறிப் போய் ஸ்கேன் எடுத்தால், "சினைப்பையில் நீர்க்கட்டி" என்று பலருக்குச் சொல்கிறார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை அது. முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். முட்டை மாதாமாதம் வெளிவராததுதான் பிரச்சனை.

இதற்கு 1960களிலிருந்தே குளோமிபின் மாத்திரை உண்டு. பிறகு வந்தது லெட்ரோசோல். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. இது ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும். உடனே முட்டையை வளர்க்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் சாப்பிட வேண்டும்.

குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கக்கூடாது என்று 2011 அக்டோபரில் மத்திய அரசு தடை போட்டது. 2014ல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள், குளோமிபினில் 19.1 சதவீதம்தான். இங்கே தடை நீங்கியது 2017ல். இன்று உலக வழிகாட்டுதலில் இதுதான் முதல் மருந்து.

பாதுகாப்பு பார்ப்பது சரிதான். ஆனால் ஆதாரம் வந்த பிறகும் மூன்று வருடம் ஏன் தாமதம்? அரசுக்கு அது ஒரு கோப்பு. ஊர்ப் பேச்சைச் சுமந்தது பெண்கள்தானே!