பேஸ்மென்ட்டுக்கு முதல் காசு

கொத்தனார் வேலை கற்க வருகிறவன் கையில் யாரும் உடனே கரணையைக் கொடுப்பதில்லை. நிமிந்தாளாகச் சேர்ந்து, சாந்துச் சட்டி சுமந்து, கல் நனைத்துக் கொடுத்துத்தான் சுவர்ப் பக்கம் போக வேண்டும். தூத்துக்குடியில் நான் சேர்ந்த மேஸ்திரி அண்ணாச்சி முதலில் எனக்குக் கற்றுக்கொடுத்தது தண்ணீரை. கட்டடத்துக்கு வந்து இறங்கும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பச் சொல்வார். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கம்பி போடும் கான்கிரீட்டில் ஒரு சொட்டு சேர்க்க விடமாட்டார். லாரித் தண்ணீர் வரும்வரை வேலை நிற்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது என்பது இந்தியத் தரநிலை 456-இல் இருக்கிறது. ஓர் இன்ஜினியர் சொல்லி எனக்கு அது பின்னால்தான் தெரியவந்தது.

அடுத்து கவர் பிளாக். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்கிற அந்தச் சின்னக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து வைப்பது என் வேலை. கடற்கரைப் பகுதிக்கு 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும் என்கிறது அதே தரநிலை. அண்ணாச்சி அதை இப்படிச் சொல்வார்: “எய்யா, கம்பிக்குச் சட்டை பத்தலன்னா உப்புக்காத்து உள்ள போயிரும். துரு ஏறி வீங்குச்சுன்னா காரை பொளந்து விழும்.” அதை நான் கண்ணால் பார்த்தது பனிமய மாதா கோயிலுக்கு அருகே ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது. பின்னால் சேர்த்த கான்கிரீட் தளத்தில் கம்பி அப்பளம் போல் உதிர்ந்தது. அதைத் தாங்கி நின்ற பழைய சுவரோ பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும், கடப்பாறைக்கே அசையவில்லை. மன்னார் வளைகுடாவில் அந்தப் பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததால்தான் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் போனது. வாங்குகிற பொருளின் விலை எங்கோ ஒரு மூலையில் கொடுக்கப்படுகிறது என்று அன்று தோன்றியது. இன்றைக்கு அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை நாங்கள் கட்டுகிறோம். எனக்கு அதில் நிம்மதிதான்.

எனக்கும் சொந்தமாக ஒரு வீடு கட்ட ஆசை. ஆனால் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கடலுக்குப் போகாது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் அவர் கட்டுகிற 1,500 ரூபாய், அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும். அது வயிற்றுக்குப் போய்விடும்; என் கையில் இருப்பதும் கூடவே போகும். அதனால் வீட்டுக்கான பணம் என் கைக்கே எட்டாத இடத்தில் இருக்கட்டும் என்று அஞ்சலகத்தில் ஐந்து வருட ஆர்.டி. போட்டேன். மூன்று வருடத்துக்கு முன் அதை முடித்துப் பணம் எடுக்க முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பூட்டுதான். மாதம் 5,000 கட்டினால் இப்போதைய 6.7% வட்டியில் முடிவில் மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் வரும். சனிக்கிழமைச் சம்பளத்தில் முதலில் இதற்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இந்தப் பணம் எதற்கு என்பதை வேலைதான் சொல்லிக்கொடுத்தது. 30 லட்சம் வரையான வீட்டுக் கடனில் வங்கி அதிகபட்சம் 90% தரலாம். மீதி நம் கைக்காசு. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. எட்டு லட்சம் ரூபாய் மனை என்றால் 72,000. பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் 1% குறைவு. அம்மா பெயரில் பதிந்தால் 8,000 மிச்சம். அந்தக் காசுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று என் மனம் உடனே கணக்குப் போடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்த பிறகு பல வீடுகளில் பூச்சு உரித்து மறுபடி பூசினோம். முகப்புக்கு டைல்ஸும் கண்ணாடியும் போட்டிருந்த ஒரு வீட்டில் ஜன்னல் திட்டு வரை சேற்றுக்கோடு. அதே தெருவில் பூச்சுகூட இல்லாமல், உயரமான பேஸ்மென்ட்டில் நின்ற இன்னொரு வீட்டில் வாசல்படியோடு தண்ணீர் நின்றிருந்தது. என் வயசுப் பையன்கள் போனில் எலிவேஷன் படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் மண்ணுக்குள் போகிற காசைத்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவர்களுக்குச் சொந்த மனை இருந்தால் வீடு கட்ட 4 லட்சம் வரை உதவி உண்டு. நானும் பதிந்திருக்கிறேன். அதற்கு முதல் படி மனை என்பதால் இப்போது வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சி ஒரு மனைக்கு டியூப் மட்டத்தோடு வந்து சாலையின் உயரத்தைப் பிடித்துப் பார்த்தார். “ரோட்ட விட ரெண்டடி பள்ளம்லே. மண்ணடிக்கவே உன் பணம் போயிரும், வேற பாரு” என்றார். மட்டக்கடைப் பக்கம் இன்னொன்று சொல்லியிருக்கிறார்கள்; வருகிற ஞாயிற்றுக்கிழமை டியூபை எடுத்துக்கொண்டு நான் போகிறேன்.