பண்டிகைக் கிண்ணத்தில் எதை ஊற்றுவது?

பண்டிகை நாளில் வாயிற்படி ஏறி வருவோர்க்கு ஏதேனும் பருகக் கொடுப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். கொடுக்கும் பொருளில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. கரீபியக் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவினர் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் தம் இல்லங்களிலேயே செய்யும் பானம் ஒன்று உண்டு. அதன் பெயர் கொக்கீத்தோ. ஸ்பானிய மொழியில் 'சிறு தேங்காய்' என்று பொருள். தேங்காய்ப்பாலும் மாட்டுப்பாலும் இனிப்பும் பட்டையும் சேர்த்து, கரும்பிலிருந்து வடித்த ரம் என்னும் மதுவையும் கலந்து, குளிர வைத்துச் சிறு கிண்ணங்களில் கொடுப்பார்கள். பருகினால் பானம் என்பதைவிடப் பாயசம் என்றே சொல்லத் தோன்றும். அத்தீவினர் தேங்காய்ப்பாலில் செய்யும் 'தெம்ப்ளேக்கே' என்ற இனிப்புக் களியின் சுவை அப்படியே இதில் இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில். எங்கள் பங்கில் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் பல. அடுத்த வீட்டு மூதாட்டியை நாங்கள் அம்மா என்றே அழைப்போம். இப்பானத்தைச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் அவரே. அவர் தேங்காய் துருவுவதைக் கண்ட முதல் நாளே, நம் வீட்டுச் சமையலறையில் நிற்பது போன்ற உணர்வு எங்களுக்கு உண்டாயிற்று.

அந்த உணர்வுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2011ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வொன்று, உலகத் தென்னைகள் பசிபிக் இனம், இந்தியப் பெருங்கடல் இனம் என இரு பெரும் பிரிவாக நிற்பதைக் காட்டியது. அட்லாண்டிக் கரைகளிலும் கரீபியத் தீவுகளிலும் உள்ள தென்னைகள் இரண்டாவது பிரிவின் வழிவந்தவை. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றைச் சூழ்ந்த பகுதியே அவ்வினம் பயிராகத் தொடங்கிய இடமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்து போன பிறகே அது மேற்குக் கரைகளை அடைந்தது. கரும்பும் ஆசியாவிலிருந்து சென்றதே; 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் அதைக் கரீபியத்துக்குக் கொண்டுசென்றார். அக்கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். புவேர்ட்டோ ரிக்கோவில் அடிமைமுறை ஒழிந்தது 1873 மார்ச் 22ஆம் நாள்தான். ஒரு கிண்ண இனிப்புக்குப் பின்னே இத்தனை கடல்களும் இத்தனை கண்ணீரும் இருப்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி, செய்யும் முறையைக் கூறுவோம். பட்டை நான்கு துண்டு, கிராம்பு ஆறு, இஞ்சி சிறு துண்டு ஆகியவற்றை ஒரு குவளை நீரில் இட்டு, நீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, வடிகட்டி ஆறவிட வேண்டும். கெட்டித் தேங்காய்ப்பால் 800 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் ஒரு டப்பா (397 கிராம்), இனிப்பில்லாத சுண்டிய டப்பாப்பால் 350 மில்லி, சிட்டிகை உப்பு, சிறிது சாதிக்காய்த்தூள் ஆகியவற்றை அந்த நீரோடு சேர்த்து மிக்ஸியில் நன்றாக அடிக்க வேண்டும். ரம் சேர்ப்பவர்கள் இந்நிலையில் ஒரு குவளை, அதாவது 240 மில்லி, சேர்ப்பார்கள். பிறகு புட்டிகளில் நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் ஓரிரவு வைத்தால் மணம் ஒன்றுகூடும். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். ஆகையால் புட்டியின் கழுத்தில் வெண்ணெய் போல் திரண்டு நிற்பதைக் கண்டு கெட்டுவிட்டதென எண்ண வேண்டாம். சற்று நேரம் வெளியே வைத்துக் குலுக்கினால் கரைந்துவிடும். புதுத் தேங்காய்ப்பால் என்பதால் மூன்று நாட்களுக்குள் பருகிவிடுவது நலம். முட்டை சேர்க்கும் குடும்பங்களும் உண்டு. பச்சை முட்டை குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் தீங்கு செய்யக்கூடும் என்பதால் நாங்கள் சேர்ப்பதில்லை.

ரம் கலந்த கொக்கீத்தோவை அடுப்பில் ஏற்றுவதில்லை. ஆகவே ஊற்றிய மது முழுவதும் அதில் இருக்கும். மேற்சொன்ன அளவில் அதன் வலிமை ஏறத்தாழ பீருக்கு நிகர். ஆனால் பீருக்குள்ள கசப்பு இதில் இல்லை. இனிப்பு, மதுவின் காரத்தை மறைத்துவிடுகிறது. பாயசமென்று எண்ணிக் குழந்தை ஒன்று கிண்ணத்தை எடுத்துவிடலாம்; பெரியவர்களும் எத்தனை கிண்ணம் ஆயிற்று என்று அறியாமலே பருகிவிடலாம். இதனால் அம்மா இருவகைப் புட்டிகள் நிரப்புவார். மது கலந்த புட்டியின் கழுத்தில் மட்டும் சிவப்பு நாடா கட்டி, உயரத்தில் வைப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சியிலிருந்து எங்கள் அண்ணன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்களிடம் வந்தார். பல ஆண்டுகள் குடியினால் அவரும் அண்ணியும் பிள்ளைகளும் பட்ட துன்பம் உறவினர் யாவரும் அறிந்தது. அவர் அதை விட்டொழித்து அப்போது பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. புறப்படுமுன் தொலைபேசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, பண்டிகைக்கு வீட்டில் ஏதும் வைப்பீர்களா? தெரிந்துகொண்டால் மனத்தைத் தயார் செய்துகொள்வேன்."

அக்கேள்வி எங்கள் இருவரையும் இரவெல்லாம் சிந்திக்க வைத்தது. அவருக்கெனத் தனிப் புட்டி வைக்கலாம் என்றது ஒரு கருத்து. தனிப் புட்டி வைத்தால் பந்தியில் அவரைத் தனியே உட்கார வைத்ததாகும் என்றது மற்றொன்று. மறுநாள் அம்மாவிடம் சென்று கேட்டோம். அவர் சிவப்பு நாடாச் சுருளை எடுத்து மேசை அறைக்குள் போட்டு மூடினார். "நாடா குழந்தைகளுக்காகக் கட்டுவது. வளர்ந்த ஆண்மகன் எதிரே அதைக் கட்டினால் அவன் கழுத்திலே கட்டியது போலாகும். இந்த ஆண்டு எல்லாருக்கும் ஒரே புட்டி," என்றார்.

அவ்வாறே செய்தோம். ரம் மட்டுமன்றி, வனிலாச் சாற்றையும் ஒதுக்கினோம். அமெரிக்கக் கடைகளில் தூய வனிலாச் சாறு என விற்கப்படுவதில் நூற்றுக்கு 35 பங்குக்குக் குறையாமல் சாராயம் உண்டு. சேர்ப்பது சில துளிகளே ஆயினும், குடியை விட்டவர் அதன் மணத்தையும் அஞ்சுவார் என்பதால், வனிலாக் காயையே கீறி மசாலா நீரில் கொதிக்கவிட்டோம்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் அண்ணன் கையில் கிண்ணத்தைக் கொடுத்தோம். அவர் பருகவில்லை. முகர்ந்து பார்த்து எங்களை நோக்கினார். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னோம். "உங்கள் கிண்ணத்தில்?" என்றார். "இதே புட்டிதான், அண்ணா." அதன் பிறகே உதட்டில் வைத்தார்.

சிறிது நேரத்தில் வாயிலில் கிதார் ஒலியும் பாட்டும் கேட்டன. உறங்கும் வீடுகளைப் பாடி எழுப்பி விருந்துண்ணும் 'பர்ராந்தா' என்னும் அத்தீவு வழக்கப்படி அண்டை வீட்டார் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். எங்களுக்கு முன்னே எழுந்து புட்டியை எடுத்தவர் அண்ணன். வந்த ஒவ்வொருவருக்கும் அவரே ஊற்றிக் கொடுத்தார். பல ஆண்டுகளாகப் பண்டிகை நாட்களில் பிறர் கண்காணிப்பில் இருந்தவர், அன்று விருந்து படைப்பவராய் நின்றார். ரம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா முன்னரே சொல்லிவைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

மது அருந்துவோர் எல்லாரையும் பழிப்பது எங்கள் நோக்கமன்று. அளவறிந்து ஒரு கிண்ணத்தோடு நிறுத்துவோர் பலரை அறிவோம். விருந்து வைப்போர் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள். ஒரு டப்பாக் கண்டென்ஸ்டு மில்க்கில் சர்க்கரை மட்டும் 200 கிராமுக்கு மேல் உண்டு என்பதால், நீரிழிவு உள்ளவர்க்கும் அந்த அறிவிப்புத் தேவை. வேண்டாம் என்பவரிடம் ஏன் என்று கேளாதீர்கள். வருபவர்களில் ஒருவர் அந்தப் போராட்டத்தில் இருப்பதை அறிந்தால், அன்றைக்கு மட்டுமாவது எல்லாக் கிண்ணங்களையும் ஒன்றாக்கிவிடுங்கள். தேங்காய்ப்பாலும் பட்டையும் சாதிக்காயும் போதுமான சுவை தரும்.