விடிகாலை முதுகு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். சி.டி.ஹெச். சாலையில் லாரிகள் பெருகுவதற்குள் பட்டாபிராமைத் தாண்டி, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தாக வேண்டும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 60 கிலோமீட்டருக்குப் போகும் அந்தச் சாலையில் மேம்பாலங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. காலுக்கு அது சுகம், முதுகுக்கு அல்ல. மலைப்பாதையில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும், இறக்கத்தில் உடம்பைத் தளர்த்திக்கொள்ளலாம். இங்கே மணிக்கணக்கில் ஒரே வளைவில் குனிந்திருப்பதுதான் வேலை.

ஆனாலும் முதுகுப் பிடிப்பு பெரும்பாலும் ஓட்டும்போது வருவதில்லை. வீடு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சைக்கிளைத் தோளில் தூக்கி, மாடிப்படியின் திருப்பத்தில் இடுப்பைத் திருப்பும்போது சுரீர் என்கிறது. நெடுநேரம் குனிந்திருந்தால் முதுகெலும்பைக் கட்டியிருக்கும் நார்கள் நீண்டு தளர்ந்துவிடும், அவற்றுக்குத் துணைநிற்கும் தசையும் அசந்திருக்கும். ஐந்து நிமிடம் நிமிர்ந்து நடந்துவிட்டுத் தூக்கினால் பாதி ஆபத்து போய்விடும்.

கிளம்பும் நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீர் உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர்போல உயரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். உப்பிய டிஸ்க் குனிவதை அதிகம் தாங்காது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்னூக்கும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், எழுந்த முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு முதுகுவலி குறைந்தது. நாலரைக்கு எழுந்து, நாலே முக்காலுக்குக் குனிந்து டயருக்குக் காற்றடிப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். காற்றை முதல்நாள் இரவே அடித்து வைக்கலாமே.

பிடித்த பிறகு வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒத்தடம் நல்லது, தைலமும் தேய்க்கலாம். ஆனால் வெடுக்கென்று இழுத்து சுளுக்கு எடுக்கிறேன் என்பவரிடம், ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையைக் கொடுக்கவே கூடாது. ‘அசையாமல் படு’ என்பதும் தவறான யோசனைதான். ஹெல்சின்கி நகர ஊழியர்கள் 186 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் வெளியானது. சிலருக்கு இரண்டு நாள் படுக்கை, சிலருக்கு முதுகுப் பயிற்சி, மற்றவர்களுக்கு முடிந்தவரை வழக்கமான நடமாட்டம். நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். அதனால் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மெதுவாக நடக்கலாம். காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

வலி அடங்குவது வேறு, ஓட்டத்துக்குத் திரும்புவது வேறு. நெதர்லாந்து சைக்கிள் வீரர் மத்தியூ வான் டெர் போயல் 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் விழுந்து முதுகில் அடிபட்டார். அதோடு தொடர்ந்து ஓட்டி, அக்டோபரில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மூன்றாம் இடமும் பிடித்தார். முதுகு விடவில்லை. குளிர்காலப் பந்தயங்களைப் பாதியில் நிறுத்தி ஓய்ந்தார். 2022 மார்ச்சில் திரும்பியவர் ஏப்ரலில் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை வென்றார். பந்தயச் சம்பளம் எதுவும் இல்லாத நம் ஊர்க்காரர்களுக்கு என்ன அவசரம்?

திரும்பும்போது வீட்டில் கிடக்கும் பழைய ஹெர்குலிஸ் நல்ல துணை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த அந்த வண்டிகளில் நிமிர்ந்து உட்காரலாம். நிமிர்ந்து உட்கார்ந்தால் பள்ளத்தின் அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் ஏறும் என்பதால்தான் சீட்டுக்கு அடியில் அத்தனை பெரிய ஸ்பிரிங். கொஞ்ச தூரம், லேசான மிதி, வேகத்தடையில் பிட்டத்தைத் தூக்கிக்கொள்வது, அவ்வளவுதான்.

ரேஸ் சைக்கிளுக்கு மாறும்முன் சீட்டைப் பார்க்க வேண்டும். உயரம் கூடினால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு பக்கவாட்டில் ஆடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. பின்னால் வருகிற தம்பி ‘அண்ணா, இடுப்பு ஆடுது’ என்று சொன்னால் உண்டு. சீட்டின் முனையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பதும் பலருக்கு உதவியிருக்கிறது. இஸ்ரேல் மருத்துவர்கள் 1999-இல் 10 முதல் 15 டிகிரி சாய்த்துப் பார்த்தபோது, முதுகுவலியோடு ஓட்டியவர்களில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு நல்ல பலன் கிடைத்தது. அதிகம் சாய்த்தால் பாரம் கைக்குப் போய் மணிக்கட்டு நோகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஓட்டிப் பார்த்தால் அவரவர் அளவு பிடிபட்டுவிடும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஓட்டும்போது இருக்கும் வலியை வைத்து முடிவு செய்யக்கூடாது, உடம்பு சூடேறினால் வலி ஒளிந்துகொள்ளும். மறுநாள் காலை பல் துலக்கக் குனியும்போது நேற்றைவிடக் கூடுதலாக வலித்தால், அடுத்த ஓட்டத்தில் தூரத்தைப் பாதியாக்கலாம். கூடவில்லையென்றால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம்.