ப்ராஜெக்ட் யார் பண்ணினது?

பி.எச்டி. பண்ணணும்னு ஆசையா பாஸ்? அப்போ என் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.இ. முடித்த கையோடு ஆராய்ச்சி மாணவருக்கான இன்டர்வியூ ஒன்றுக்குப் போனேன். 85 சதவிகித மார்க், கேட் ஸ்கோர், லேமினேட் பண்ணின சர்ட்டிஃபிகேட்டுகள்... ஃபைலைத் தூக்கவே தனியா ஒரு ஆள் வேணும்! எதிரே நாலு பேராசிரியர்கள். ஃபைலை யாரும் தொடவே இல்லை. "உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் என்று மனப்பாடம் பண்ணினதைக் கடகடவென ஒப்பித்தேன்.

"நூறு படத்துல தொண்ணூத்தஞ்சு சரியா வருதுங்கறீங்க. மீதி அஞ்சு ஏன் தப்பாச்சு?"

தொண்டை வறண்டது. அடுத்த கேள்வி இன்னும் அமைதியாக வந்தது. "இதை யார் பண்ணினது?"

ப்ராஜெக்ட் சென்டரில் 12,000 ரூபாய்க்கு வாங்கியது. அப்பா சொசைட்டியில் லோன் போட்டுக் கொடுத்த காசு. "நான் பண்ணலை சார்" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். "நீங்களே ஏதாவது பண்ணிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

விண்ணப்பம் போடத் தகுதி என்னன்னு கேட்டா சுலபமாச் சொல்லிடலாம். 2022 யு.ஜி.சி. விதிப்படி முதுகலையில் 55 சதவிகிதம் வேணும். நாலு வருஷ டிகிரி மட்டும்தான் கையில இருக்குன்னா 75 சதவிகிதம். கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும். ஐ.ஐ.டி. மாதிரி இடங்கள் இதுக்கு மேலே தங்களுக்குன்னு தனி அளவுகோல் வெச்சிருப்பாங்க. ஆனா, இதெல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே கேட்கறது வேற!

அந்த வருஷம் முகம் பற்றிய பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிடித்தேன். 1991-ல் டர்க், பென்ட்லேண்ட் இருவரும் எழுதிய 'ஐகன்ஃபேஸ்' கட்டுரை. திறந்தால், ஃபர்ஸ்ட் இயர் கணக்கில் மார்க்குக்காக உருப்போட்ட அதே ஐகன் வெக்டார் சிரிக்கிறது! திரும்ப அரிச்சுவடியிலிருந்து படித்தேன். நானே கோட் எழுதினேன். நாலு மாசம் தப்புத் தப்பாகவே வந்தது. எது எதனால் தப்பாச்சுன்னு நோட்டில் எழுதி வைத்தேன்.

மறுபடி இன்டர்வியூ. இந்தத் தடவை நூற்றுக்கு எண்பத்தி எட்டுதான் சரி. "மீதி பன்னிரண்டு?" என்றார்கள். "வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்தா, ஆள் மாறினதை விட வெளிச்சம் மாறினதைத்தான் இது பெரிசா எடுத்துக்குது சார்" என்று ஆரம்பித்து, போர்டில் படம் போட்டு விளக்கினேன். ஸீட் கிடைத்தது.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாசம் 37,000 ரூபாயாச்சு. அதனால காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க, ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணினா நமக்கே காசு வரும்!

ஃபைனல் இயரா நீங்க? உங்க ப்ராஜெக்ட் எங்கெங்கே சொதப்புதுன்னு ஒரே ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. எழுத வந்தா, அது உங்க ப்ராஜெக்ட்.

முதல் ஸ்டைபண்டில் 12,000 ரூபாயை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன். "எதுக்குடா?" என்றார். சொன்னேன்.