கணிப்பொறியில் ஒரு கிளைமரம்

நூல் என்னும் சொல் தமிழில் ஏட்டையும் குறிக்கும். பஞ்சிலிருந்து திரித்த இழையையும் குறிக்கும். நூல் இயற்றுவதை இழை நூற்பதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது நன்னூலின் பாயிரம். நூற்பாலைகளால் பெயர்பெற்ற இராசபாளையத்தில் வாழும் எனக்கு இவ்வுவமையை மாணவர்க்கு விளக்குவது எளிது. நூற்ற இழையை முறையாகச் சுற்றி, எண்ணிட்டு அடுக்காவிட்டால் சிக்கல்தான் மிஞ்சும் என்பதை எம்மூர்ச் சிறுவரும் அறிவர். ஏட்டு நூலுக்கும் விதி அதுவே.

நம் முன்னோர் இவ்வடுக்குமுறையில் வல்லவர்கள். தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களை உடையது. அதிகாரத்திற்கு ஒன்பதாக 27 இயல்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில், 92 படலங்களில், 5027 பாடல்களைக் கொண்டது. காண்டத்துள் படலம், படலத்துள் பாடல் என்னும் இவ்வமைப்பே கணிப்பொறியில் கோப்புறைக்குள் கோப்புறையாய், அதனுள் கோப்பாய் அமைகிறது.

மரம் வேண்டியதேன்?

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி உலகிற்கு வழங்கி வருகிறது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, மாணவர் சிலரும் நானும் இசுலாமியத் தமிழ் இலக்கியங்களை எங்கள் அளவில் தொகுத்து வருகிறோம். இராசபாளையத்து மாணவர் சில படலங்களையும் திருவில்லிபுத்தூர் மாணவர் சில படலங்களையும் தத்தம் இல்லத்திலேயே தட்டெழுதிக் கொணர்வர். அனைத்தும் ஓரிடத்தில் சேர்ந்தபின், 'என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று ஒரு தாளில் காட்டுங்கள், தம்பி' என்றார் சமுதாயப் பெரியவர் ஒருவர். வெறும் பட்டியல் எடுத்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள் நிற்கும். எது எதனுள் அடங்கியது என்பது விளங்காது. ஆகவே கிளைமரம் வேண்டியதாயிற்று.

நிரலின் இலக்கணம்

நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கமுறைமையிடம் சேர்க்கும் இடையாள்தான் 'ஷெல்'. கட்டளைகள் பலவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்து ஒருங்கே இயக்குவது ஷெல் நிரல். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் வழிவந்த முறை இது. லினக்ஸ் கணிப்பொறிகளுக்கு 'டிரீ' என்னும் ஆயத்தக் கட்டளையும் உண்டு. எனினும், இலக்கணம் கற்பிப்பவன் விதியின் உள்ளமைப்பை அறிதல் நன்று எனக் கருதி நானே எழுத முற்பட்டேன்.

விதி மிகச் சிறியது. ஒரு கோப்புறையைத் திற. உள்ளிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை எழுது. எடுத்தது கோப்பானால் அடுத்ததற்குச் செல். கோப்புறையானால், சற்று உள்தள்ளி, இதே விதியை அதற்கும் முதலிலிருந்து செலுத்து. தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் இவ்விதி பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும்.

இரண்டு காப்புகள் மட்டும் வேண்டும். ஷெல்லில் ஒரு மாறிக்கு இட்ட மதிப்பு நிரல் முழுதும் பரவும். ஆகவே உள்தள்ளலின் அளவை 'லோக்கல்' என அறிவித்து, அந்தந்த அழைப்பிற்குள் அடக்க வேண்டும்; இல்லையேல் உட்கிளையிலிருந்து மீளும்போது தாய்க்கிளையின் அளவு திரிந்துபோகும். இடைவெளியுள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் காக்க வேண்டும். இல்லையேல் ஒரு நூலின் பெயரை ஷெல் இரண்டு மூன்று பெயர்களாகப் பிரித்துவிடும். சொற்களைப் பிரிக்கும் இடமும் பிரிக்கலாகா இடமும் அறிந்த தமிழாசிரியர்க்கு இது புதிதன்று.

வரிசையும் கவனத்திற்குரியது. கணிப்பொறி எழுத்து வரிசைப்படி அடுக்குவதால் நகரம் முதலிலும், வகரம் அடுத்தும், ஹகரம் இறுதியிலும் வரும். அதாவது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைக் கூறும் விலாதத்துக் காண்டத்திற்கு முன்னரே நபித்துவத்தைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டம் நிற்கும். எழுத்தின் வரிசை வேறு. வரலாற்றின் வரிசை வேறு. எனவே பெயரின் முன் எண்ணிட்டோம். படலங்களுக்கு 01, 02 என ஈரிலக்கமாக இட்டோம். வெறும் எண்ணாயின் 10ஆம் படலம் 2ஆம் படலத்தை முந்திவிடும். மரம் இவ்வாறு அமைந்தது:

சீறாப்புராணம்
├── 1 விலாதத்துக் காண்டம் (24 படலங்கள்)
├── 2 நுபுவ்வத்துக் காண்டம் (21 படலங்கள்)
└── 3 ஹிஜ்ரத்துக் காண்டம் (47 படலங்கள்)

இரு கிளைகளில் ஒரு நூல்

உண்மையான வினா பிறகுதான் எழுந்தது. நாயகம் அவர்கள்மீது பாடப்பட்ட பிள்ளைத்தமிழை எக்கிளையில் வைப்பது? 'நம் நூல்களுக்குத் தனிக்கிளை வையுங்கள், தம்பி. கலந்தால் காணாமற் போய்விடும்' என்றார் பெரியவர். திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருவரோ, 'பிள்ளைத்தமிழ் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டாமா, ஐயா?' என்று வினவினார். கண்ணனைக் குழந்தையாகப் பாடிய பெரியாழ்வார் அம்மாணவியின் ஊரினர். அவர்தம் திருமொழியைப் பிள்ளைத்தமிழின் முன்னோடி என்பர். அவ்வழியில் வளர்ந்த இலக்கிய வகையில் எம் நாயகத்தைப் பாடிய நூலும் அமர்வது அவருக்கு இயல்பாகவே தோன்றிற்று.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் இசுலாமியத் தமிழ் ஒரு பின்னிணைப்புப் போலச் சில பக்கங்களில் முடிந்துவிடுவதைக் கண்டவர் பெரியவர். ஆனால் தனியறையில் வைத்த பொருளை அவ்வறைக்குள் நுழைபவர் மட்டுமே காண்பர் என்பதும் உண்மையன்றோ? மரத்தின் விதியோ கண்டிப்பானது: ஒரு கோப்பிற்கு ஒரு தாய்க்கிளையே உண்டு.

இதற்கும் யூனிக்ஸ் மரபில் வழியுண்டு. நூல் ஓரிடத்தில் இருக்க, அதனைச் சுட்டும் 'இணைப்பு' ஒன்றை மற்றோரிடத்தில் வைக்கலாம். நாங்கள் சீறாவைக் காப்பியக் கிளையிலும் பிள்ளைத்தமிழை அதன் வகைக் கிளையிலும் வைத்தோம். மசலா, கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து ஆகியவற்றைத் தமிழுக்கு முசுலிம் புலவர்கள் ஈந்த புதுக்கிளைகளாக அமைத்தோம். இசுலாமியத் தமிழ் என்னும் கிளையில் இவை அனைத்திற்கும் இணைப்புகள் உள்ளன. இணைப்பைக் கண்டால் பெயரை மட்டும் எழுதி, உள்ளே நுழையாது திரும்புமாறு நிரலில் ஒரு வரியைச் சேர்த்தேன்; தன் மூதாதைக் கிளையையே சுட்டும் இணைப்பினுள் நுழைந்தால் நிரல் முடிவின்றிச் சுழலும்.

தாளைக் கண்ட பெரியவர், 'இரண்டு இடத்திலும் பெயர் இருக்கிறது; போதும்' என்றார். வெறுமையாய் நின்ற ஹிஜ்ரத்துக் காண்டக் கோப்புறைகள் சிலவற்றையும் அவர்தாம் விரலால் தொட்டுக் காட்டினார். எஞ்சிய பணி எவ்வளவு என்பதை மரம் மறைப்பதில்லை.

புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் சீறாவை 1842இல் அச்சேற்றினார்கள். உமறுப் புலவர் நிறுத்திய இடத்திலிருந்து வரலாற்றைத் தொடர்ந்து சின்னச் சீறாவைப் பாடினார் பனீ அகமது மரைக்காயர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்வதே நம் மரபு. மாணவச் செல்வங்களே! வெறுமையாய் நிற்கும் கோப்புறைகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. தமிழ் பயில்வோர்க்குக் கணிப்பொறி அயலன்று. பத்து வரி நிரல் எழுதக் கற்பதும் இன்று நூலைக் காக்கும் பணியே ஆகும். அப்பணி நிறைவுற வல்ல இறைவன் அருள்புரிவானாக!