நர்சம்மாவின் பை
2020 மார்ச் 25-இல் கொரோனா ஊரடங்கால் ஊரே அடங்கியது. எங்கள் ஊர் நர்சம்மாவுக்கு மட்டும் ஓய்வில்லை. கர்ப்பிணிகளுக்கு போன் போட்டு, "பிள்ளை நல்லா அசையுதாம்மா, கால் வீங்கியிருக்கா?" என்று கேட்பார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் காப்பர் டி-யும் அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அந்தரா என்ற கருத்தடை ஊசியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாக வேண்டியது. ஊரடங்குக்காக உடம்பு காத்திருக்குமா? சாயா என்ற கருத்தடை மாத்திரைக்காரர்கள் பாடு தேவலாம்: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் ஒன்று. அந்த மாத்திரை அட்டையைச் சத்துமாவு பாக்கெட்டுக்கு அடியில் வைத்துத்தான் மருமகள் கைக்கு மாற்றுவார். மாமியார் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாரே!

கருக்கலைப்புதான் பெரும்பாடு. பத்து வாரத்துக்குள் என்றால் போனில் டாக்டரிடம் பேசிவிட்டு வீட்டிலேயே மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்து அதே மார்ச்சில் அனுமதித்தது. இங்கேயோ அப்போது பஸ்ஸும் இல்லை. வெளியே போக வாங்கும் இ-பாஸில் காரணம் என்று கேட்டால், கருவைக் கலைக்கப் போகும் பெண் என்னதான் எழுதுவாள்?